ஹால்ஸ்டாட், லூசர்ன், ஆன்சி: கையில நாலு நாள் இருந்தா எந்த ஊர்?

ஆல்ப்ஸ் பக்கம் போகணும், ஊர் பழசா இருக்கணும், ஏரி இருக்கணும், ஜன்னல தொறந்தா மலை தெரியணும், ஆனா கையில இருக்கறது நாலு நாள் தான்னு சொல்றவங்களுக்கு யார்கிட்ட கேட்டாலும் இந்த மூணு ஊர் பேர் தான் வரும். ஆஸ்திரியால ஹால்ஸ்டாட், சுவிஸ்ல லூசர்ன், பிரான்ஸ்ல ஆன்சி. போட்டோவ மட்டும் பார்த்து முடிவு பண்ணலாம்னு நெனச்சா முடியவே முடியாது, ஏன்னா மூணுமே அழகு, மூணுலயும் தண்ணி ஓரமா பழைய வீடு, பின்னாடி மலை, ஜன்னல்ல பூந்தொட்டி. ஆனா நேர்ல போனா மூணும் சுத்தமா வேற வேற ஊர்.

அதனால எது அழகுங்கற கேள்விய விட்டுடுங்க. ராத்திரி அங்கயே தங்கப் போறீங்களா இல்ல காலைல போய்ட்டு சாயங்காலம் திரும்பறீங்களா, கூட யார் வர்றாங்க, ரெண்டு நாள் விடாம மழை பேஞ்சா என்ன பண்ணுவீங்க, இந்த மூணுக்கும் பதில் சொல்லிட்டீங்கன்னா ஊர் தானா முடிவாயிடும். மழை விஷயத்த யாரும் யோசிக்கறதே இல்ல, ஆல்ப்ஸ்ல ஜூன் ஜூலைலயும் நல்லா மழை பெய்யும், மேகம் இறங்கிடுச்சுன்னா எதிர்ல இருக்கற மலையே இருக்கா இல்லையான்னு தெரியாது.

முதல்ல ஹால்ஸ்டாட். இது ஊர்னு சொல்றத விட கிராமம், 800 பேர் கூட கிடையாது. செங்குத்தான மலைக்கும் ஏரிக்கும் நடுவுல இருக்கற கொஞ்சூண்டு இடத்துல வீட்டுக்கு மேல வீடா அடுக்கி கட்டிருக்காங்க. 19ஆம் நூற்றாண்டு கடைசி வரைக்கும் இங்க வண்டி வர்ற மாதிரி ரோடே கிடையாது, படகு இல்லன்னா மலைப்பாதை தான். இன்னைக்கும் ரயில்ல வந்தீங்கன்னா ஸ்டேஷன் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும், இறங்கி ஒரு சின்ன படகுல ஏறி ஊருக்கு வரணும். அந்த பத்து நிமிஷத்துல சர்ச் கோபுரம் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வரும் பாருங்க, அதுக்காகவே பஸ்ஸ விட்டுட்டு ரயில்ல வரலாம்.

இவ்ளோ எடமே இல்லாத மூலைல மனுஷன் ஏன் வந்து குடியிருந்தான்னு யோசிச்சா பதில் உப்பு. ஊருக்கு மேல இருக்கற மலைக்குள்ள பாறை உப்பு இருக்கு, அத கிட்டத்தட்ட 7,000 வருஷமா எடுத்துட்டு இருக்காங்க, உலகத்துலயே ரொம்ப பழைய உப்புச் சுரங்கம்னு இதத் தான் சொல்றாங்க. 1846ல ராம்சாவர்னு சுரங்கத்துல வேலை பார்த்த ஒரு அதிகாரி இங்க ஒரு பழைய இடுகாட்ட கண்டுபிடிச்சார், தோண்டத் தோண்ட ஆயிரத்துக்கும் மேல கல்லறை வந்துச்சு, உள்ள வாள், வெண்கலப் பாத்திரம், ஆப்பிரிக்க யானைத் தந்தம்னு எங்கெங்கயோ இருந்து வந்த பொருளெல்லாம் இருந்துச்சு. உப்புக்கு அந்தக் காலத்துல அவ்ளோ மதிப்பு. ஐரோப்பாவோட ஆரம்ப இரும்புக் காலத்துக்கே, அதாவது சுமார் கி.மு. 800ல இருந்து 450 வரைக்கும் உள்ள காலத்துக்கே, ஹால்ஸ்டாட் பண்பாடுன்னு இந்த சின்ன ஊரோட பேரத் தான் வச்சிருக்காங்க. சுரங்கத்துக்குள்ள உப்பு காப்பாத்தி வச்ச ஒரு மரப்படிக்கட்டு இருக்கு, அதுல இருக்கற மரம் கி.மு. 1344 வாக்குல வெட்டினது. அத நேர்ல பார்க்கலாம். 1734ல உப்புக்குள்ள அப்படியே கெடாம ஒரு மனுஷ உடம்பே கிடைச்சது, அன்னைக்கு அதோட மதிப்பு யாருக்கும் தெரியல, கிறிஸ்தவர் இல்லன்னு ஒரு ஓரமா புதைச்சுட்டாங்க. இத படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு அடிச்சுக்கும்.

அப்புறம் அந்த எலும்பு வீடு. கல்லறைக்கு எடம் பத்தாததால, புதைச்சு கொஞ்ச வருஷம் கழிச்சு எலும்ப எடுத்து வெயில்ல காய வச்சு, மண்டையோட்டுல பேரு, பூ, இலை எல்லாம் வரைஞ்சு ஒரு சின்ன அறைல அடுக்கி வைக்கற வழக்கம் இங்க இருந்துச்சு. மொத்தம் 1,200 மண்டையோடு, அதுல 600க்கு மேல வர்ணம் தீட்டினது. கடைசியா 1995ல கூட ஒண்ணு வச்சிருக்காங்க, அந்தம்மா 1983ல இறந்தவங்க, அவங்களே கேட்டுக்கிட்டது. சிலருக்கு இது பயமா இருக்கலாம், எனக்கு அதுல தெரிஞ்சது பாசம் தான், கூட வாழ்ந்தவங்கள எடம் இல்லாத ஊர்லயும் விட்டுடாம பேர் எழுதி வச்சிருக்காங்க.

இவ்ளோ இருந்தும் ஹால்ஸ்டாட் போய்ட்டு வந்த நெறைய பேர் "ஒண்ணுமில்லப்பா, ஒரே கூட்டம்"னு சொல்றாங்கன்னா காரணம் ஒண்ணு தான், அவங்க காலைல பத்து மணிக்கு பஸ்ல வந்து ரெண்டு மணிக்கு கிளம்பினவங்க. சீசன்ல ஒரு நாளைக்கு பத்தாயிரம் பேர் வரைக்கும் வர்றாங்க, 800 பேர் இல்லாத ஊருக்கு. 2023ல ஊர்க்காரங்க தெருவுல இறங்கி போராட்டமே பண்ணாங்க. செல்ஃபி எடுக்கற இடத்துல மரத்தடுப்பு கூட வச்சாங்க, எதிர்ப்பு வந்ததும் எடுத்துட்டாங்க. சீனாவுல குவாங்டாங் மாகாணத்துல இந்த ஊர அப்படியே காப்பி அடிச்சு 2012ல ஒரு நகல் ஊரே கட்டி முடிச்சாங்கன்னா புகழ் எந்த அளவுக்கு போச்சுன்னு பாத்துக்கோங்க. அதனால என் கருத்து இதுல ரொம்ப உறுதி: ஹால்ஸ்டாட்ல ஒரு ராத்திரியாவது தங்க முடியும்னா போங்க, முடியாதுன்னா அத விட்டுட்டு பக்கத்துல வேற ஏரி ஊருக்குப் போங்க. சாயங்காலம் கடைசி பஸ் போனதுக்கு அப்புறமும், காலைல முதல் பஸ் வர்றதுக்கு முன்னாடியும் தான் அது ஊரா இருக்கும். ஊர்க்காரங்களுக்கும் தங்கறவங்களால தான் பிரயோஜனம், தெருவுல நடந்து போட்டோ எடுத்துட்டு போறவங்களால அவங்களுக்கு என்ன கிடைக்குது?

ஆனா நாலு நாளும் அங்கயேன்னா எல்லாருக்கும் ஒத்து வராது. ஊர ஒரு மணி நேரத்துல நடந்து முடிச்சுடலாம். சுரங்கத்துக்கு அரை நாள், எதிர்ல ஓபர்ட்ரான்ல இருந்து கேபிள் கார்ல கிரிப்பன்ஸ்டைன் மலைக்கு ஒரு நாள், அங்க பனிக்குகை இருக்கு, விரல் அஞ்சையும் விரிச்ச மாதிரி பள்ளத்துக்கு மேல நீட்டிக்கிட்டு ஒரு பார்வை மேடை இருக்கு. அதுக்கு மேல நடக்கப் பிடிச்சவங்களுக்கு மட்டும் தான் நாள் போகும். முட்டிவலி உள்ள பெரியவங்கள கூட்டிட்டு போறீங்கன்னா, ஊரெல்லாம் படிக்கட்டு, லிஃப்ட் இல்லாத பழைய விடுதி ஜாஸ்தி, யோசிச்சுக்கோங்க. சுரங்கத்துல நாலு வயசுக்கு கீழ உள்ள குழந்தைங்கள விடமாட்டாங்க, உள்ள வருஷம் பூரா 8 டிகிரி தான், ஸ்வெட்டர் கட்டாயம். டிசம்பர் ஜனவரில மலை நிழல் விழுந்து ஊருக்கு வெயிலே சரியா வராது, அதையும் சொல்லிடறேன்.

லூசர்ன் இதுக்கு நேர் எதிர். இது நகரம். ரயில் ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா எதிர்லயே ஏரி, அங்கயே படகுத்துறை, அங்கயே பஸ், அஞ்சு நிமிஷ நடைல பழைய ஊர். பெட்டிய இழுத்துக்கிட்டு, தூங்கற குழந்தைய தோள்ல போட்டுக்கிட்டு, அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வர்றவங்களுக்கு இந்த வசதிய வார்த்தைல சொல்ல முடியாது. சூரிச் ஏர்போர்ட்ல இருந்து நேர் ரயில் இருக்கு, ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. ஹோட்டல்ல தங்கறவங்களுக்கு நகரத்துக்குள்ள பஸ் ஃப்ரீயா போக ஒரு விசிட்டர் கார்டு தர்றாங்க, ரூம் போட்ட உடனே கேட்டு வாங்கிடுங்க.

சேப்பல் பிரிட்ஜ்னு எல்லாரும் சொல்ற அந்த கூரை போட்ட மரப்பாலம் 14ஆம் நூற்றாண்டுது, 200 மீட்டருக்கு மேல நீளம், கூரைக்கு கீழ முக்கோணப் பலகைல 17ஆம் நூற்றாண்டு ஓவியங்க இருந்துச்சு. 1993 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி தீப்பிடிச்சு ஓவியங்கள்ல பெரும்பாலானது போச்சு. அடுத்த வருஷமே திரும்பக் கட்டிட்டாங்க, ஆனா சில இடத்துல கருகின பலகைய அப்படியே வச்சிருக்காங்க, தலைய தூக்கிப் பார்த்துக்கிட்டே நடங்க. அதோட நின்னுடாம கொஞ்சம் கீழ தள்ளி இருக்கற ஸ்ப்ராயர் பாலத்துக்கும் போங்க, கூட்டம் பாதி கூட இருக்காது, அங்க சாவு வந்து ராஜா, பாதிரியார், வியாபாரின்னு ஒவ்வொருத்தரையா கையப் பிடிச்சு கூட்டிட்டு போற மாதிரி வரிசையா ஓவியம் இருக்கு. ஊருக்கு மேல முசெக் கோட்டைச்சுவர், ஒன்பது கோபுரம், ஏறிப் பார்க்க காசு கிடையாது, சுவிஸ்ல காசு கேக்காத விஷயம் கிடைச்சா விடக்கூடாது. அதுல மணிக்கூண்டு கோபுரத்துக்கு மட்டும் ஊர்ல மத்த மணியெல்லாம் அடிக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே அடிக்கற உரிமை இருக்கு. பாறைல செதுக்கின சாகற சிங்கம், 1792ல பாரிஸ்ல பிரெஞ்சு ராஜாவ காவல் காத்து செத்துப்போன சுவிஸ் வீரர்களுக்காக 1821ல திறந்தது, அத காலைல எட்டு மணிக்கு முன்னாடி போய் பாருங்க, டூர் பஸ் வந்துட்டா அந்த சிங்கத்தோட முகம் உங்களுக்கு கிடைக்காது.

ஆனா லூசர்னோட பலம் ஊருக்குள்ள இல்ல, ஊர்ல இருந்து எத்தன மலைக்கு போகலாம்ங்கறதுல இருக்கு. பிலாட்டஸ் மலைக்கு ஏறற பல்சக்கர ரயில் 1889ல போட்டது, 48 சதவீத ஏத்தம், உலகத்துலயே ரொம்ப செங்குத்தான பல்சக்கர ரயில் இது தான், குளிர்காலத்துல ஓடாது. லூசர்ன்ல இருந்து படகுல ஆல்ப்நாக்ஸ்டாட் போய், ரயில்ல மேல ஏறி, அந்தப் பக்கமா கேபிள் கார்ல க்ரீன்ஸ் இறங்கி, பஸ்ல ஊர் திரும்பறது ஒரு நாள் சுத்து, ஒரே நாள்ல படகு, ரயில், கேபிள் கார்னு குழந்தைங்களுக்கு கொண்டாட்டம். ரிகி மலைக்கு 1871லயே ரயில் விட்டுட்டாங்க, ஐரோப்பாவோட முதல் மலை ரயில் அது. பனியத் தொட்டே ஆகணும்னா எங்கெல்பர்க் வழியா டிட்லிஸ், 3,000 மீட்டருக்கு மேல இறக்கி விடும், மேல் பகுதில கேபிள் காரே சுத்திக்கிட்டு போகும். இதுல கணக்கு ஒண்ணு இருக்கு: ரயில், பஸ், படகு எல்லாத்துக்கும் ஒரே டிக்கெட்டா இருக்கற சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கினா ரிகி முழுசா அதுக்குள்ள அடங்கும், பிலாட்டஸ், டிட்லிஸ் ரெண்டுக்கும் பாதி விலை. பாஸ் வச்சிருக்கறவங்க ரிகிய விட்டுட்டு டிட்லிஸ் மட்டும் போய்ட்டு வர்றத பார்த்தா எனக்கு வருத்தமா இருக்கும், ஏரிய சுத்தி எல்லா பக்கமும் தெரியற காட்சி ரிகில தான் இருக்கு. நவம்பர் டிசம்பர்ல ஊர் பூரா மூடுபனில மங்கிப் போய் கிடக்கும், அன்னைக்கு ரூம்லயே உக்காந்துடாதீங்க, மலை மேல கேமரா வச்சு நேரலை காட்டறாங்க, பார்த்துட்டு ஏறிடுங்க, மேல போனா பளீர்னு வெயில், கீழ பஞ்சுக் கடல்.

மழை நாள்னா போக்குவரத்து மியூசியம் ஒண்ணு போதும், பழைய ரயில் இன்ஜின்ல இருந்து விமானம் வரைக்கும், சின்னப் பசங்க வெளிய வரவே மாட்டாங்க. குறைன்னா விலை. ஹோட்டல்ல உக்காந்து ஒரு வேளை சாப்பிட்டா அதுவே பட்ஜெட்ட சாப்பிட்டுடும், மிக்ரோஸ், கோப் மாதிரி சூப்பர் மார்க்கெட்ல வாங்கி சமைக்கற மாதிரி கிச்சன் உள்ள வீடு எடுக்கறது தான் புத்திசாலித்தனம். தண்ணி வாங்கவே வேணாம், தெருவுல இருக்கற நீரூத்துல பாட்டில நெரப்பிக்கலாம். 80கள்ல இருந்து வந்து குடியேறின ஈழத்தமிழர்கள் சுவிஸ் பூரா இருக்காங்க, அதனால தமிழ்க் கடை கண்டுபிடிக்கறதும் கஷ்டமில்ல, அரிசி பருப்பு மசாலா எல்லாம் ஊர்ல இருந்து சுமந்துட்டு வர வேண்டியதில்ல.

இப்ப ஆன்சி. நம்ம ஆளுங்க இத ரொம்ப குறைவா தான் யோசிக்கறாங்க, எனக்கு அதுல ஆதங்கம் உண்டு. மத்த ரெண்டு ஊர்லயும் ஏரிய பார்ப்பீங்க, படகுல போவீங்க. ஆன்சில ஏரிக்குள்ள இறங்குவீங்க. ஜூலை ஆகஸ்ட்ல தண்ணி 22, 23 டிகிரி வரைக்கும் வரும், அவ்ளோ தெளிவு, கழுத்து வரைக்கும் நின்னாலும் கால் விரல் தெரியும். இது தானா வந்ததில்ல. 1940கள்ல ஏரில சாக்கடை கலந்து தண்ணி கெட ஆரம்பிச்சப்போ, செர்வெட்டாஸ்னு ஒரு உள்ளூர் டாக்டர் விடாம சத்தம் போட்டார், 1957ல ஏரிக்கரைல இருக்கற ஊராட்சிங்க எல்லாம் ஒண்ணா சேர்ந்து ஒரு அமைப்பு வச்சு, ஏரிய சுத்தி குழாய் பதிச்சு, கழிவு ஒரு சொட்டு கூட ஏரிக்குள்ள போகாம வெளிய கொண்டு போய் சுத்திகரிச்சு ஆத்துல விட ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு ஐரோப்பாவுல ரொம்ப சுத்தமான ஏரிங்கள்ல ஒண்ணுன்னு பேர் வாங்கியிருக்கு. ஒரு கோட்டைய விட இந்த குழாய் வேலை தான் அந்த ஊரோட பெரிய சொத்துன்னு நான் நெனைக்கறேன்.

பழைய ஊர்னு பார்த்தாலும் குறைச்சல் இல்ல. ஏரில இருந்து கிளம்பற தியூ ஆறு கால்வாயா பிரிஞ்சு தெருவுக்கு நடுவுல ஓடுது, அதுக்கு நட்ட நடுவுல கப்பல் முகப்பு மாதிரி பாலே தே லீல்னு ஒரு கல் கட்டடம், 12ஆம் நூற்றாண்டுது, நாணயச்சாலை, நீதிமன்றம், ஜெயில் எல்லாமா இருந்திருக்கு. ஜெனீவா சீர்திருத்த கிறிஸ்தவர் கைக்கு போனதால அந்த ஊர் கத்தோலிக்க பிஷப் ஜெனீவாவுக்குள்ள இருக்க முடியாம ஆன்சில தான் இருந்தார், அப்படி இருந்தவர் தான் புனித பிரான்சிஸ் சலேசியார், சலேசியன் ஸ்கூல்ல படிச்சவங்களுக்கு இந்த பேர் எங்கிருந்து வந்துச்சுன்னு இப்ப புரிஞ்சிருக்கும். அவரோட கல்லறை ஊருக்கு மேல இருக்கற பசிலிக்கால இருக்கு. அந்தப் பகுதி பிரான்ஸோட சேர்ந்ததே 1860ல தான், அதுக்கு முன்னாடி சவாய் நாடு, அதனால சாப்பாடு, வீட்டுக் கட்டு எல்லாத்துலயும் தனி வாசனை இருக்கு.

சைக்கிள் ஓட்டறவங்களுக்கு இத விட நல்ல ஊர் இல்ல. ஏரிய சுத்தி சுமார் 40 கிலோமீட்டர், மேற்குக் கரைல பழைய ரயில் பாதைய சைக்கிள் பாதையா மாத்திருக்காங்க, பெரும்பாலும் சமதளம், துவாங் பக்கத்துல பழைய ரயில் குகைக்குள்ளயே ஓட்டலாம். கிழக்குக் கரைல ஏத்தம் வரும், பழக்கமில்லாதவங்க பேட்டரி சைக்கிள் எடுத்துக்கோங்க. ஃபோர்க்ளா கணவாய்ல இருந்து பாராகிளைடிங், தாலுவார்ல கரையோரமா மதிய சாப்பாடு, செவ்வாய், வெள்ளி, ஞாயிறு காலைல பழைய ஊருக்குள்ள சந்தை. ஜெனீவா ஏர்போர்ட்ல இருந்து பஸ்ல ஒரு மணி நேரம் மாதிரி, விலை யூரோல, லூசர்ன விட நல்லாவே குறைவு.

இங்கயும் குறை உண்டு. ஊருக்குள்ள இருந்தே ரயில்ல ஏறி பனி மலைக்கு போற வசதி லூசர்ன் மாதிரி இல்ல, ஆல்ப்ஸோட உச்ச சிகரமான மோன் பிளாங்க் பார்க்கணும்னா அதோட அடிவாரத்துல இருக்கற ஷமோனிக்கு பஸ்ஸோ காரோ வச்சு ஒரு நாள் தனியா ஒதுக்கணும். தொடர்ந்து மழை பேஞ்சா பாதி சந்தோஷம் போயிடும், ஏன்னா எல்லாமே வெளிய இருக்கற சந்தோஷம். ஆகஸ்ட்ல கால்வாய் ஓரம் நடக்கவே எடம் இருக்காது, ஜூன் இல்லன்னா செப்டம்பர் முதல் பாதி தான் நல்லது. சைவக்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை, தார்ட்டிஃப்லெட்னு உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்து ஒண்ணு குடுப்பாங்க, பார்க்க சைவம் மாதிரியே இருக்கும், உள்ள பன்றிக்கறி துண்டு போட்டிருப்பாங்க, கேட்டுட்டு சொல்லுங்க. ஃபாண்டுன்னு உருக்கின சீஸ்ல ரொட்டிய தோய்ச்சு சாப்பிடறது ஒண்ணு இருக்கு, அதுல ஒயின் இருக்கும். நிறைய பழைய பாணி சீஸ்ல பால உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கற ரென்னெட் சேர்ப்பாங்க, இது மூணு ஊருக்கும் பொருந்தும்.

அப்போ யாருக்கு எதுன்னு கேட்டா, முதல் தடவை போறவங்க, பெரியவங்க குழந்தைங்களோட போறவங்க லூசர்ன், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல. ரெண்டு பேரா, இல்ல பத்து வயசுக்கு மேல பசங்களோட, வெயில் காலத்துல, ஓடி ஓடி பார்க்காம நாலு நாள் ஒரே ஊர்ல வாழ்ந்துட்டு வரணும்னா ஆன்சி, என் மனசுக்கு முதல் எடம் இது தான். ஹால்ஸ்டாட்ட தனியா நாலு நாளுக்கு சொல்ல மாட்டேன், சால்ஸ்பர்க்ல ரெண்டு ராத்திரி, ஹால்ஸ்டாட்ல ரெண்டு ராத்திரின்னு பிரிச்சீங்கன்னா பிரமாதம், வரலாறுல ஆர்வம் உள்ளவங்க மத்த ரெண்டையும் மறந்துட்டு இத எடுக்கலாம்.

மூணையும் ஒரே டிரிப்ல சேர்க்காதீங்க. மேப்ல பக்கம் பக்கமா தெரியும், ஆனா சூரிச்ல இருந்து சால்ஸ்பர்க்குக்கே ரயில்ல அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும், அங்கிருந்து ஹால்ஸ்டாட் இன்னும் ரெண்டரை மணி நேரம். லூசர்னும் ஆன்சியும் வேணா ஜெனீவா வழியா சேர்க்கலாம், அதுக்கு ஒரு வாரமாவது வேணும்.

விசா மூணுக்கும் ஷெங்கன், அதாவது ஐரோப்பாவுல பல நாடுங்களுக்கு பொதுவான விசா, ஒண்ணே தான், சுவிஸ் ஐரோப்பிய யூனியன்ல இல்லன்னாலும் ஷெங்கன்ல இருக்கு. எந்த நாட்டுல ராத்திரி அதிகமோ அந்த நாட்டுக்கு தான் அப்ளை பண்ணணும், சமமா இருந்தா முதல்ல நுழையற நாட்டுக்கு. அதனால ஊர முடிவு பண்ணாம விசா அப்பாயின்ட்மென்ட் போடாதீங்க. ஹால்ஸ்டாட்னு முடிவாச்சுன்னா எல்லாத்துக்கும் முன்னாடி ரூம பிடிங்க, கேன்சல் பண்ற மாதிரி. ஊருக்குள்ள கிடைக்கலன்னா ஏரிக்கு மறுகரைல இருக்கற ஓபர்ட்ரான்ல பாருங்க, விலை குறைவு, அமைதி, பஸ்ல பத்து நிமிஷம். சுரங்கமும் மேல ஏத்திட்டு போற இழுவை ரயிலும் பராமரிப்புக்காக மூடி வைக்கற சமயம் உண்டு, நீங்க போற தேதில திறந்திருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் ஃப்ளைட் டிக்கெட் போடுங்க.